மொப்பிலியைத் தேடுகிறவர்கள்

உலகத்தில் யாருமே தேடாத ஒரு சொல்லைத் தன் கடை வாசலில் மாட்டி வைத்திருந்தாள் பொம்மைக்காரி. கடை என்றால் கதவும் கல்லாவும் உள்ள கடை அல்ல. கைவேலைப் பொருள்களுக்கென்றே இருக்கிற ஓர் ஆன்லைன் சந்தையில் ஒரு பக்கம், அவ்வளவுதான். யானை, முயல், ஆமை, பூனை என்று துணியில் தைத்துப் பஞ்சடைத்த பொம்மைகள் அதில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றின் தலைப்பும் ஒரே மாதிரி: மொப்பிலி யானை, மொப்பிலி முயல், மொப்பிலி ஆமை. விற்பனையோ, கிணற்றில் போட்ட கல்.

ஒருநாள் சந்தைக்காரர்களிடமிருந்து மெயில் வந்தது. ஒரு வருஷமாக எதுவும் விற்காத கடைகளை இந்த மாதக் கடைசியில் எடுத்துவிடப் போகிறார்களாம். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிறவன் 'தயவுசெய்து' என்று சொல்லிவிட்டுத் தள்ளினால் வலிக்காதா என்ன?

போனை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். அவள் அறை இருக்கிற கட்டடத்தின் மூன்றாம் மாடி முழுக்கச் சின்னச் சின்ன அறைகள். தைக்கிறவர்கள், தோல் வெட்டுகிறவர்கள், மணி கோக்கிறவர்கள் என்று ஆளுக்கொன்றை வாடகைக்கு எடுத்து வேலை செய்கிற இடம். அடுத்த அறை மெழுகுவத்திக்காரியுடையது. வாயும் அதிகம், வாடிக்கையும் அதிகம். மெழுகு ஊற்றுவதை வீடியோ எடுத்துப் போட்டே ஊரை வளைத்தவள். பொம்மைக்காரியின் பக்கத்தைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"இது என்னக்கா மொப்பிலி?"

"பேரு."

"யாரு பேரு? எவ உக்காந்து எனக்கு மொப்பிலி வேணும்னு தேடப்போறா? ஜனங்க எப்படித் தேடுவாங்க தெரியுமா? 'கையால் தைத்த துணி பொம்மை'. 'ஒரு வயசுக் குழந்தைக்குப் பரிசு'. இதெல்லாம் தலைப்புல இருந்தாத்தான் நீங்க மேல வருவீங்க. இல்லன்னா அறுபதாம் பக்கத்துல கெடக்க வேண்டியதுதான். அங்க வழி தவறுனவன்கூட வரமாட்டான்."

பொம்மைக்காரிக்கு ஒரு காரணம் இருந்தது. வெளியில் சொல்லக்கூடிய காரணம் இல்லை அது.

மொப்பிலி ஒரு யானை. அப்பாவின் கிழிந்த கால்சட்டையில் அம்மா தைத்துக் கொடுத்தது. அக்கா, தங்கை இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று. அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று இருவருக்குமே தெரியாது. ஒருநாள் யாருக்கு என்று சண்டை வந்து ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். வலது காது அக்காவின் கையோடு வந்துவிட்டது; மிச்ச யானை தங்கையிடம் போனது. அம்மா எவ்வளவோ கேட்டும் அக்கா அந்தக் காதைத் தரவில்லை. ஒற்றைக் காது மொப்பிலி தங்கையின் தலையணைக்குப் பக்கத்திலேயே கிடந்து பழையதாகிப் போனது.

பெரியவர்களான பிறகு வந்த சண்டையில் இழுக்க யானை இல்லை, சொல்தான் இருந்தது. அம்மா படுக்கையில் கிடந்த கடைசி மாதத்தில் தங்கை வரவில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் வந்தாள். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று அக்கா கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். வந்திருந்த அத்தனை பேர் முன்னாலும், "எனக்குத் தங்கச்சின்னு யாரும் கெடையாது" என்றாள். தங்கை செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படியிறங்கிப் போனாள். நீரடித்து நீர் விலகுமா என்றார்கள் தெரிந்தவர்கள். நன்றாகவே விலகியது. போன் நம்பர் மாறியது, வீடு மாறியது, எந்த ஊர் என்றுகூடத் தெரியாமல் போனது. பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது.

பொம்மைக்காரி போட்டு வைத்திருந்த கணக்கு இதுதான். தங்கைக்கு ரோஷம் ஜாஸ்தி. அக்கா பெயரைப் போட்டு ஒருநாளும் தேடமாட்டாள். ஆனால் மொப்பிலியைத் தேடலாம். வேலையில்லாத ஒரு பொழுதில், சும்மா, விளையாட்டுக்கு. தேடினால் உலகத்தில் ஒரே ஒரு பக்கம்தான் வரும். அந்தப் பக்கத்துக்குப் பின்னால் அக்கா உட்கார்ந்திருப்பாள். பைத்தியக்காரத்தனம் என்று நமக்குத் தோன்றும். தனியாக இருக்கிறவர்கள் போடுகிற கணக்கு அப்படித்தான். சரியா தப்பா என்று சொல்லப் பக்கத்தில் ஆள் கிடையாது.

இப்போது மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. சொல்லை எடுத்துவிட்டால் தங்கை வர வழி இல்லை; எடுக்காவிட்டால் கடையே இருக்கப்போவதில்லை.

"யானைக்கு மட்டும் அந்தப் பேரு இருக்கட்டும்," என்றாள் கடைசியில்.

"சரி, திருஷ்டிப் பொட்டு மாதிரி ஒண்ணு இருந்துட்டுப் போகட்டும்," என்று மெழுகுவத்திக்காரி மற்ற தலைப்புகளை எல்லாம் ஒரே மூச்சில் மாற்றினாள். அத்தோடு விடவில்லை. தன் வட்ட விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்து, முயலுக்குக் கண் தைப்பதை வீடியோ எடுத்தாள். "முகம் வேண்டாம்க்கா, நீங்க மூஞ்சியத் தூக்கி வெச்சா வர்றவனும் ஓடிருவான். கை மட்டும் போதும்." ஊசி ஏறி இறங்க, குருட்டு முயல் மெல்லப் பார்வை பெறுகிற அந்த வீடியோவை ஜனங்கள் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். இதயக் குறிகள் கொட்டின. முயல் விற்றது, ஆமை விற்றது, பூனைக்கு ஆர்டர் மேல் ஆர்டர். கடை பிழைத்தது.

பொம்மைக்காரி பிழைத்தாளா என்பது வேறு விஷயம். முன்பு சும்மா உட்கார்ந்திருந்த அறையில் இப்போது வேலை செய்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். 'சூப்பர் அக்கா', 'அழகா இருக்கு அக்கா' என்று முகம் தெரியாதவர்கள் எழுதினார்கள். ஊரே அக்கா என்று கூப்பிட்டது. கூப்பிட வேண்டிய ஒருத்தி கூப்பிடவில்லை. சாயங்காலம் மற்ற அறைகளில் பூட்டுப் போடும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்கும். போய் என்ன செய்ய என்று இவள் இன்னொரு வாலில் பஞ்சை அடைப்பாள்.

யார் யார் எந்தச் சொல்லைத் தேடிக் கடைக்கு வந்தார்கள் என்று காட்டும் பகுதி ஒன்று உண்டு. அதை எப்படிப் பார்ப்பது என்று மெழுகுவத்திக்காரி சொல்லிக் கொடுத்திருந்தாள். பொம்மைக்காரி காலையில் வந்ததும் பையைக் கீழே வைக்கும் முன் அதைத்தான் பார்ப்பாள். துணி பொம்மை, பிறந்தநாள் பரிசு, முயல் பொம்மை. ஒருநாள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு வரி இருந்தது. மொப்பிலி: ஒருவர்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். சிரிப்பு வந்தது, அழுகை வந்தது, அடுத்த அறைக்கு ஓடினாள்.

"அட, அது நான்தான்க்கா," என்றாள் மெழுகுவத்திக்காரி, மெழுகைக் கிளறிக்கொண்டே. "ஒழுங்கா வருதான்னு தட்டிப் பாத்தேன். எடுத்த எடுப்புல நீங்கதான் வர்றீங்க. போட்டிக்கு ஆள் இருந்தாத்தானே!"

"அப்படியா," என்றாள் பொம்மைக்காரி. அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்தாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் மெழுகுவத்திக்காரி அடுப்பை அணைத்தாள். என்ன என்று கேட்டாள். பொம்மைக்காரி முதல்முறையாக ஒரு மனுஷியிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"இனிமே அந்தச் சொல்லை நான் தொடமாட்டேன்க்கா," என்றாள் மெழுகுவத்திக்காரி முடிவில்.

பிறகு நிறைய நாள் அந்த வரி வரவே இல்லை. மழைக்காலம் வந்து போனது. பார்ப்பதை விட்டுவிடலாம் என்று அவள் நினைக்கத் தொடங்கியிருந்தபோது யானைக்கு ஓர் ஆர்டர் வந்தது. கேள்விப்படாத ஓர் ஊர். வீட்டு முகவரிகூட இல்லை, போய் வாங்கிக்கொள்கிற பார்சல் ஆபீஸ். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் முதலெழுத்து. 'வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?' என்ற கட்டத்தில் ஒரு வரி இருந்தது.

வலது காது வேண்டாம்.

"யாருக்கா இது, காதில்லாத யானை கேக்குற மகராசி?" என்று ஆரம்பித்த மெழுகுவத்திக்காரி, பாதியில் நிறுத்தினாள். "நான் இல்லக்கா. சத்தியமா நான் தட்டல."

பொம்மைக்காரி யானையைத் தைத்தாள். கைப்பழக்கத்தில் இரண்டு காதையும் வெட்டி, விளிம்பு தைத்து வைத்துவிட்டாள். இடது காதை மட்டும் உடம்போடு சேர்த்தாள். பெட்டியில் வைக்க ஒரு கடிதம் எழுதிப் பார்த்தாள், கிழித்தாள். அந்த ஒரு வரியில் நலமா என்று இல்லை, அக்கா என்று இல்லை. யானை வேண்டும், அக்கா வேண்டாம் என்கிறாளா? கேட்டதைத்தான் கொடுக்க வேண்டும், கூட ஒன்றும் திணிக்கக்கூடாது என்று பயந்தாள். வெறும் யானையாகவே பார்சல் போனது.

அனுப்பிவிட்டு வந்து பார்த்தால், இருப்பு ஒன்றே ஒன்று என்று போட்டிருந்ததால் 'விற்றுவிட்டது' என்று யானையின் பக்கம் தானாகவே மூடிக்கொண்டிருந்தது. மொப்பிலி என்று தட்டினாள். எதுவும் வரவில்லை. தங்கை இன்னொரு முறை தேடினால்? மேசை மேல் கிடந்த வலது காதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்தாள்.

"காது மட்டும் யாருக்கா வாங்குவா?" என்றாள் எட்டிப் பார்த்த மெழுகுவத்திக்காரி.

"வாங்குறவ வாங்குவா."

தலைப்பில் மொப்பிலி என்று போட்டாள். விவரம் என்ற கட்டத்தில், வாங்குகிறவர்கள் தேடும் சொற்களை எழுத வேண்டிய இடத்தில், எழுதினாள்: 'வலது காது. அன்னிக்கே கொடுத்திருக்கணும். தப்பு என்னுதுதான்.' எப்படி அனுப்புவீர்கள் என்று சந்தை கேட்டது. தபால், கூரியர் இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதைத் தொட்டாள். நேரில் வந்து பெற்றுக்கொள்ள வேண்டும். கீழே தன் வீட்டு முகவரியை முழுசாக, கதவு நம்பரோடு எழுதினாள்.