ஜெயசிங்கின் சாட்சி

இருபத்தொரு நிமிடம் நாற்பது வினாடி. பாட்டின் பெயருக்குக் கீழே ஃபோன் அவ்வளவு நேரம் காட்டியது. ஜெயசிங் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். மனைவி விஜயா சமையலறையில் இருந்தாள். அவர் பால்கனிக் கதவைச் சாத்திவிட்டு, மகளுடைய இயர்ஃபோனைக் காதில் செருகிக்கொண்டார்.

பதினான்காவது மாடி. கீழே கல்கத்தா நியூ டவுனின் அகலமான சாலையில் ஜனவரிப் பனி கலையவில்லை. பேருந்துகள் விளக்கைப் போட்டுக்கொண்டே போயின.

இரண்டு மாதமாக இப்படித்தான். அறுபத்து மூன்று வயது. சபையில் மூப்பர். தன் வீட்டுப் பால்கனியில் திருடனைப் போல உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறார்.

முதலில் கிட்டார் மட்டும் வந்தது. பிறகு புல்லாங்குழல். பிறகு ஒருவன் தன் வீட்டுக்கு வழி கேட்பதுபோலப் பாடினான். ஏழாவது நிமிடத்தில் எல்லாம் கலைந்து ஒன்றோடொன்று மோதியது. தாளம் ஏழு ஏழாக ஓடியது. இரண்டு மாதத்துக்கு முன்புவரை, முப்பத்தெட்டு வருடம் இதைக் கேட்கவில்லை. ஆனாலும் முதல் நாளே அடுத்து என்ன வரும் என்று உடம்புக்குத் தெரிந்திருந்தது. அந்த நாளில் ஐரோப்பாவிலிருந்து வந்த இப்படிப்பட்ட பாட்டுகளில் ஒன்றே இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். கடைசி மூன்று நிமிடம் ஆர்கன். அதற்காகத்தான் அவர் காத்திருந்தார்.

ஆர்கன் ஆரம்பித்தது. உடனே நின்றது. திரையில் பாஸ்டரின் பெயர்.

"ஸ்தோத்திரம் அண்ணாச்சி. தொந்தரவு பண்ணிட்டனோ?"

"இல்ல பாஸ்டர். சொல்லுங்க."

"ஞாயித்துக்கிழமை வாலிபர் ஆராதனை. உங்க சாட்சியத்தான் போட்டிருக்கேன்."

"போன வருஷம்தான சொன்னேன். வேற ஆள் இல்லையா?"

"பிள்ளைங்க உங்களத்தான் கேக்கு. ரெக்கார்டு உடைச்ச தாத்தா வருவாங்களான்னு."

பாஸ்டர் சிரித்தார். ஜெயசிங்கும் சிரித்துவைத்தார். ஃபோனை வைத்த பிறகு, விட்ட இடத்திலிருந்து ஆர்கனைத் தொடர மனம் வரவில்லை.

அவருடைய சாட்சி, அவர் மனம் திரும்பிய கதை, சபையில் எல்லோருக்கும் மனப்பாடம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழு. ரயில்வேயில் சிக்னல் வேலை, கார்டன் ரீச்சில் குவார்ட்டர்ஸ், இருபத்தைந்து வயது, சனியும் ஞாயிறும் ஆங்கிலப் பாட்டு. சபையின் நான்கு நாள் கன்வென்ஷன் கூட்டம் வந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் பிரசங்கியார், உன்னைக் கட்டி வைத்திருப்பது எது, அதைக் கொண்டு வா என்றார். ஒருவர் சீட்டுக்கட்டைக் கொண்டுவந்தார். ஒரு பெண் சினிமாப் பத்திரிகைகளைக் கொண்டுவந்தாள். ஜெயசிங் குவார்ட்டர்ஸுக்கு ஓடிப்போய் இசைத்தட்டுகளைத் துணிப்பையில் தூக்கிக்கொண்டு வந்தார். சபைக்கு முன்னால் ஒவ்வொன்றாக முழங்காலில் வைத்து உடைத்தார். உறைகளைக் கொட்டகைக்குப் பின்னால் தீயில் போட்டார்கள்.

வருடாவருடம் சொல்லி அது வழவழப்பாகிவிட்டது. எந்த இடத்தில் ஜனங்கள் மூச்சைப் பிடிப்பார்கள், எந்த இடத்தில் அல்லேலூயா வரும் என்று அவருக்குத் தெரியும்.

சாட்சியில் ஒன்று மட்டும் இல்லை. பதினொரு தட்டில் ஒன்றுகூட அவருடையது அல்ல.

அவை நண்பன் ரஞ்சனுடையவை. சரியாகச் சொன்னால், ரஞ்சனின் அண்ணன் மஹாதேவனுடையவை. மூன்று தலைமுறையாகக் கல்கத்தாவின் டாலிகஞ்சில் இருக்கும் தமிழ்க் குடும்பம். மஹாதேவன் கப்பலில் வயர்லெஸ் ஆபீசர். போன துறைமுகத்தில் எல்லாம் தம்பிக்கு ஒரு தட்டு வாங்குவான். அவர்கள் வீட்டில் ரெக்கார்டு பிளேயர் இல்லை, அப்பா வாங்கவிடவில்லை. ஜெயசிங் முதல் போனஸில் பிளேயர் வாங்கினார். தட்டுகள் கார்டன் ரீச்சுக்கு வந்துசேர்ந்தன. சனிக்கிழமை மத்தியானம் ரஞ்சன் பஸ் ஏறி வருவான். இருவரும் தரையில் படுத்துக்கொண்டு கேட்பார்கள். ரஞ்சன் தொடையில் ஏழு எண்ணித் தாளம் போட்டுப் பார்த்துவிட்டு, "வெள்ளைக்காரன் மிஸ்ர சாபு போடறாண்டா!" என்று கத்துவான்.

எண்பத்தாறில் மஹாதேவன் ஏதோ ஒரு துறைமுகத்தில் காய்ச்சலில் கிடந்து இறந்தான். இருபத்தொன்பது வயது. அங்கேயே எரித்துவிட்டார்கள்.

அடுத்த வருடம் கன்வென்ஷன்.

அந்த வாரம் தனக்குள் நடந்தது உண்மை. ஜெயசிங்குக்கு அதில் இன்றுவரை சந்தேகம் இல்லை. கர்த்தருக்குக் கொடுக்கத் தன் கையில் என்ன இருக்கிறது என்று தேடினார். கையில் இருந்ததைக் கொடுத்தார். கையில் இருப்பதெல்லாம் தன்னுடையதுதானா என்று கேட்கத் தோன்றவில்லை.

சனிக்கிழமை ரஞ்சன் வந்தான். ஜெயசிங் வாசலிலேயே சொன்னார். ரஞ்சன் அவர் தோளுக்கு மேலாக எட்டி, காலியான பலகையைப் பார்த்தான். திரும்பிப் படி இறங்கிப்போனான். பிறகு வரவேயில்லை.

விஜயா பால்கனிக் கதவைத் திறந்தாள். "பாட்டு முடிஞ்சிட்டா?"

ஜெயசிங் இயர்ஃபோனைக் கையில் மறைத்தார்.

"மறைக்காதீங்க. ரெண்டு மாசமா தெரியும். குளிக்கும்போது முனகுதீங்களே, அது கீர்த்தனையா?"

அவர் உள்ளே போய்ச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். அவள் முட்டைகோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். பாஸ்டர் கூப்பிட்டதைச் சொன்னார். பிறகு, அந்தத் தட்டுகள் யாருடையவை என்பதையும் சொன்னார்.

கத்தி நின்றது.

"கல்யாணமாகி முப்பத்தஞ்சு வருஷம். எங்கிட்டகூடச் சொல்லல."

"சொல்லல."

"ஊரான் ஆட்ட அறுத்தா பலி குடுத்தீங்க?"

அவர் மேசையில் கிடந்த கோஸ் இலையை எடுத்து மடித்தார்.

"நான் வேற எல்லாருகிட்டயும் பெருமையா சொல்லிட்டு அலைஞ்சிருக்கேன். எங்க வீட்டு ஐயா கர்த்தருக்காக எல்லாத்தையும் உடைச்சாருன்னு." அவள் மறுபடி நறுக்கத் தொடங்கினாள். கோஸ் துண்டுகள் பெரிது பெரிதாக விழுந்தன. "அவரு இருக்காரா?"

"இருக்கான். அதே இடம். பழைய வீட்ட இடிச்சு ஃப்ளாட் கட்டியாச்சுன்னு கேள்விப்பட்டேன்."

"ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி போங்க. வெறுங்கையோட போகாதீங்க."

"என்ன வாங்கிட்டுப் போக?"

"பதினோரு ரெக்கார்டு."

அவர் ஒரு பெட்டி சந்தேஷ் இனிப்பு வாங்கிக்கொண்டு போனார். பேருந்தில் ஒன்றரை மணி நேரம், பிறகு ஆட்டோ. என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் அடுக்கிப் பார்த்தார். அடுக்கியதும் அது சாட்சி மாதிரியே ஆனது. எங்கே நிறுத்த வேண்டும் என்றுகூட நாக்குக்குத் தெரிந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது. கலைத்துவிட்டார்.

கதவைத் திறந்தவர் மங்கி கேப் போட்டுக் கழுத்தில் மஃப்ளர் சுற்றியிருந்தார். தொப்பிக்குள் முகம் சிறுத்திருந்தது. கண்கள் ரஞ்சனுடையவை.

"வாடா பாதிரி," என்றார் ரஞ்சன். "லிஃப்ட் வேலை செஞ்சுதா?"

"செஞ்சுது."

"உனக்குப் பிரார்த்தனை பலம். நேத்திக்கு எனக்குச் செய்யலை."

உள்ளே ஒரு அறை முழுக்க ஒயர்கள், பழைய ஹெட்ஃபோன்கள். ரஞ்சன் டாலிகஞ்ச் ஸ்டுடியோக்களில் முப்பது வருடம் சவுண்ட் ரெக்கார்டிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றிருந்தார். சந்தேஷ் பெட்டியைத் திறந்து முகர்ந்தார். "நலேன் குட், ஈச்ச வெல்லம்! எனக்கு சுகர். பரவாயில்லை, வை." சமையலறையில் இருந்த வேலைக்கார அம்மாளிடம் தேநீருக்குக் குரல் கொடுத்தார். "மாஷி, ரெண்டு சா!"

ஜெயசிங் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "ரஞ்சா, நான் ஒண்ணு சொல்லணும்."

"நீ சொல்றதெல்லாம் கேட்டாச்சு. யூட்யூப்ல."

"எதுல?"

"உங்க சபை சேனல். வருஷா வருஷம் போடறாளே. ஏழு வருஷமா பாக்கறேன். முதல்ல பதினோரு ரெக்கார்டு. கோவிட் முடிஞ்சு வந்து பேசினயே, அப்ப இருபது. போன வருஷம் 'ஒரு அலமாரி நிறைய'ன்னுட்டே."

ஜெயசிங்குக்குக் காது சுட்டது. அலமாரி என்று சொன்னது அவருக்கு நினைவில்லை. சொல்லியிருப்பார்.

"நன்னா பேசறே. முழங்கால்ல வெச்சுண்டு ஒரு நிமிஷம் நிறுத்தறே பார், சீரியல்காராளுக்கே அது வராது. நான் சவுண்ட்காரன், சொல்றேன்."

"எதுக்குடே பாத்த?"

"அண்ணா பேர் வருமான்னு."

வேலைக்கார அம்மாள் தேநீரைக் கொண்டுவந்து வைத்தார். ரஞ்சன் தன் கோப்பையை எடுத்தார். ஜெயசிங் எடுக்கவில்லை.

"இந்த ஞாயித்துக்கிழமை சொல்லுதேன். எல்லாத்தையும் சொல்லுதேன். மஹாதேவன் பேரச் சொல்லி, அவன் பொருள எடுத்து உடைச்சேன்னு சொல்லுதேன்."

"வேண்டாம்."

"நீ அதத்தான எதிர்பாத்த?"

"பாத்தேன். இப்ப நீ சொல்றச்சேதான் தெரியறது, வேண்டாம்னு." ரஞ்சன் ஒரு மடக்கு குடித்தார். "சொன்னா என்ன ஆகும்? எல்லாரும் அழுவா. கை தட்டுவா. அடுத்த வருஷம் அதையும் சேர்த்துச் சொல்லுங்கோம்பா. அண்ணா உன் சாட்சியில ஒரு காட்சியா ஆயிடுவான். அந்த இடத்துல நீ எவ்ளோ நேரம் நிறுத்துவேன்னுகூட எனக்குத் தெரியும்."

அது உண்மை. பேருந்தில் அவரே நிறுத்திப் பார்த்திருந்தார்.

"அப்ப நான் என்ன செய்ய?"

"டீயைக் குடி. ஆறறது."

குடித்தார். ஆறித்தான் இருந்தது. கீழே யாரோ மீன்காரனோடு வங்க மொழியில் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பாஸ்டர்கிட்ட வரலன்னு சொல்லிடுதேன்," என்றார் ஜெயசிங். "இனி எப்பவும் சொல்லப்போறதில்ல."

"அது உன் இஷ்டம்."

"ரஞ்சா, நான் அத மறுபடி கேக்கேன். ரெண்டு மாசமா."

ரஞ்சன் கோப்பையைக் கீழே வைத்தார். "எதை?"

"ஆர்கன்ல முடியுமே, அத. அதுல பிசாசு இல்லடே."

"இல்லையா?" ரஞ்சன் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். "மிஸ்ர சாபுக்கு எந்தப் பிசாசுடா ஆடும்? கால் பின்னிண்டு விழுந்துடும்."

"சிரிக்காத. அந்தக் கடைசி மூணு நிமிஷம் வரும்போது, எழுந்து நிக்கணும்போல இருக்கு. கோயில்ல நிக்க மாதிரி. அவன் வீட்டுக்கு வழி கேக்கான், பாத்தியா, அது நான் தினமும் ஜெபத்துல கேக்கதுதான். எனக்கு அன்னைக்கு விளங்கல. நான் ஜெபம் பண்ண வேண்டியத உடைச்சிட்டேன்."

ரஞ்சன் சிரிப்பதை நிறுத்தினார். மங்கி கேப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். தலையில் முடி அநேகமாக இல்லை.

"நீ கேக்கது உண்டா?" என்றார் ஜெயசிங்.

"இல்லை."

"ஒரு தடவகூடவா?"

"இல்லைடா."

ஜெயசிங் ஃபோனை எடுத்து மேசைமேல் வைத்தார். பாட்டின் பெயர் திரையில் இருந்தது. ரஞ்சன் ஃபோனைப் பார்த்தார். பிறகு எழுந்து ஒயர் அறைக்குப் போனார். எதையோ தள்ளும் சத்தம், எதையோ இழுக்கும் சத்தம். தூசி தட்டாத இரண்டு ஸ்பீக்கர்களோடு திரும்பினார். ஒன்றை ஜன்னல் ஓரம் வைத்தார், ஒன்றைக் கதவோரம். நடுவில் நின்று கையைத் தட்டிப் பார்த்து, ஜன்னல் ஸ்பீக்கரை நாலு விரல்கடை நகர்த்தினார்.

"ஃபோன்ல கேக்கறானாம் ஃபோன்ல," என்றார். "போடு."

கிட்டார் வந்தது. இயர்ஃபோனில் காதுக்குள் ஊசியாக இறங்கியது, இங்கே அறைக்கு நடுவில் யாரோ உட்கார்ந்து வாசிப்பதுபோல இருந்தது. இருவரும் தரையில் படுக்கவில்லை, அதற்கு இடுப்பு இடம் தராது. நாற்காலியில் சாய்ந்துகொண்டார்கள். ஏழாவது நிமிடத்தில் ரஞ்சனின் விரல்கள் தொடையில் எண்ணின. ஓரிடத்தில் தப்பி, நின்று, மறுபடி பிடித்துக்கொண்டன.

ஆர்கன் வந்ததும் ஜெயசிங் கண்ணை மூடினார். ஜெபத்துக்கு வார்த்தை வரவில்லை. இத்தனை வருடத்தில் சபைக்கு முன்னால் ஒருமுறைகூட அவருக்கு வார்த்தை வராமல் இருந்ததில்லை. அந்த மூன்று நிமிடமும் அவர் கேட்டது ஒன்றுதான். பக்கத்தில் இருப்பவன் எழுந்து போய்விடக் கூடாது.

பாட்டு முடிந்தது. ஸ்பீக்கரில் மெல்லிய இரைச்சல் மட்டும் மிஞ்சியது.

ரஞ்சன் எழுந்து போகவில்லை. கண்ணாடியைக் கழற்றி மஃப்ளர் நுனியால் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை.

"பாட்டுக்கு ஒண்ணும் ஆகலைடா. அப்படியேதான் இருக்கு," என்றார். "உலகத்துல யார் ஃபோன்ல தட்டினாலும் வரும். நான் கேக்காம இருந்தது அதுக்கில்லை. ஒவ்வொரு ரெக்கார்டு அட்டைக்குப் பின்னாலயும் அண்ணா எனக்கு ரெண்டு வரி எழுதுவான். ஊர் பேர், தேதி, ரெண்டு வரி. பத்து அட்டையில எழுதினது எனக்கு மனப்பாடம். இந்தப் பாட்டோட அட்டை ஒண்ணு மட்டும் மறந்துபோயிடுத்து. 'ஹாம்பர்க், ஒரே மழை'ன்னு ஆரம்பிக்கும். அதுக்கு மேல வரமாட்டேங்கறது. வருஷக்கணக்கா யோசிச்சுப் பாத்துட்டேன்."

ரஞ்சன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவர் பக்கம் திரும்பினார்.

"எரிக்கறதுக்கு முன்னாடி கடைசியா கையில வெச்சிண்டிருந்தவன் நீதான். என்ன எழுதியிருந்தான், ஜெயசிங்?"