எரிமலை ஊழியர்கள்

சோம்பேறித்தனத்தால் உலகத்தில் எத்தனையோ நல்ல காரியங்கள் நடந்திருக்கின்றன. கம்பி செய்ததும் அப்படித்தான் ஆரம்பித்தது.

மருந்துப் பெட்டிக்குள் பொடி எழுத்தில் ஒரு தாளை மடித்து வைக்கிறார்களே, அதைத் தயாரித்துக் கொடுக்கும் அலுவலகம் அது. இரண்டு மாடி, அறுபது கம்ப்யூட்டர், அத்தனையையும் பார்த்துக்கொள்ள ஒரே ஓர் ஆள். எந்நேரமும் தோளில் ஒயர் சுருளோடு திரிவதால் அவனுக்குக் கம்பி என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆறு வருஷமாகத் தற்காலிக ஊழியன். ஒவ்வொரு வருஷக் கடைசியிலும் வைப்பார்களா, அனுப்புவார்களா என்று காலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவனைச் சிபாரிசு செய்து அங்கே சேர்த்துவிட்டவள் அவன் அண்ணி. அதே அலுவலகத்தில் மெய்ப்பு பார்க்கிறவள், அதாவது அச்சுக்குப் போகிற தாளில் பிழை பிடிக்கிறவள். அண்ணனுக்கு வேலை போய் ஒரு வருஷம் ஆகியிருந்ததால், கம்பியும் ஒண்டியிருந்த அந்த வீட்டில் பெரும்பாலும் அண்ணி சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

கம்ப்யூட்டருக்குள் தூசி அடைத்தால் ஃபேன் திணறும், சூடேறும், பாதி வேலையில் பொசுக்கென்று அணைந்துவிடும். அறுபதையும் திறந்து பார்த்துக்கொண்டிருந்தால் பொழுது விடிந்து பொழுது போகும். ஆகவே கம்பி தானாக ஓடுகிற ஒரு குட்டி நிரலை, ஸ்கிரிப்ட் என்பார்களே, அதை எழுதினான். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அது உள்ளே எவ்வளவு சூடு என்று பார்த்து, அதற்கேற்பத் திரையின் பின்னணிப் படத்தை, அதான் வால்பேப்பரை, மாற்றும். சூடில்லை என்றால் நீலக் கடல், கொஞ்சம் சூடென்றால் மஞ்சள் வயல், கொதித்தால் எரிமலை. சாப்பாட்டு நேரத்தில் ஒரு சுற்று வந்து, எரிமலைகளை மட்டும் திறந்து தூசி தட்டினால் வேலை முடிந்தது.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, மேலாளர் கண்ணில் படுகிறவரைக்கும்.

"என்னப்பா இது, இவருக்கு எரிமலை, அவருக்குக் கடல்?"

"சிஸ்டம் எவ்வளவு வேலை செய்யுதுன்னு காட்டும் சார்," என்றான் கம்பி. தூசி என்று ஒரு வார்த்தையைச் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த மகராசன் வாயைப் பாதியில் மூடிக் கெட்டான்.

"அப்போ எரிமலைன்னா ஆளு உழைக்கிறான். கடல்னா சும்மா உக்காந்திருக்கான்."

"முழுசா அப்படி இல்ல சார்..."

"இவ்வளவு மூளைய வச்சுக்கிட்டு ஆறு வருஷமா தற்காலிகத்துல கிடக்கிறியே. உன் நிரந்தர ஆர்டர நான் பாத்துக்கறேன்."

தொண்டை வரைக்கும் வந்திருந்த மிச்ச வாக்கியம் அப்படியே வயிற்றுக்குள் இறங்கிவிட்டது.

மறுநாளே உத்தரவு வந்தது. மாலை நாலு மணிக்கு எல்லாரும் கம்ப்யூட்டரில் திறந்திருக்கும் ஜன்னல்களை எல்லாம் மூடிவிட்டு வெறும் திரையைக் காட்ட வேண்டும். மேலாளர் நடந்துவந்து பார்ப்பார், கூடவே ஒருத்தர் குறித்துக்கொள்வார். நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? ஒரே வாரத்தில் சூடேற்றும் வித்தையைக் கரைத்துக் குடித்துவிட்டார்கள். தபால் பிரிவுக்காரர் காற்று போகிற ஓட்டையில் தன் ஸ்வெட்டரைத் திணித்தார். டைப் அடிக்கிற அம்மா பதினெட்டு வீடியோக்களை ஒரே சமயத்தில் சத்தமில்லாமல் ஓடவிட்டாள். படம் வரைகிற பையன் நாள் முழுக்கக் கார் பந்தயம் விளையாடினான். அந்த விளையாட்டுக்கு மெஷின் கொதித்த கொதிப்பில், மாதத்தின் சிறந்த ஊழியர் என்று அவனுக்குக் கோப்பை கொடுத்து எல்லாரையும் கை தட்டவும் வைத்தார்கள்.

ஒரே ஒரு சங்கடம். மேலாளருடைய கம்ப்யூட்டரில்தான் அலை ஓயாத கடல்.

அவர் கம்பியைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "நான் யோசிச்சு வேலை செய்றவன்பா. மூளை வேலை இந்த மெஷினுக்கு எங்க தெரியப்போவுது? கொஞ்சம் திருத்திடு."

கம்பி ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்தான். அன்றிலிருந்து, மேலாளர் விடுப்பில் போன நாளில்கூட அவர் திரையில் எரிமலை கக்கிக்கொண்டிருந்தது.

அண்ணியோ காகிதத்தில் வேலை செய்கிறவள். ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்து, சிவப்புப் பென்சிலோடு எழுத்து எழுத்தாக நகர்வாள். அவள் கம்ப்யூட்டர் அது பாட்டுக்குத் தூங்கும். மூன்று மாதமாக ஒருநாள் தவறாமல் நீலக் கடல். தொடர்ந்து கடலாக இருப்பவர்களை வீட்டுக்கு அனுப்பப்போவதாகப் பேச்சு கிளம்பியது. பட்டியலும் வந்தது. முதல் பெயர் அண்ணியுடையது.

அன்று வீட்டில் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது கம்பி பக்கத்தில் போய் நின்றான். "அண்ணி, உங்க சிஸ்டத்துக்கும் ஒரு வரி போட்டுடறேன். நாளைலேர்ந்து எரிமலைதான்."

"ஏன், நான் வேலை செய்யலையா?"

"செய்றீங்க."

"அப்புறம் எதுக்குப் பொய்? போன மாசம் குழந்தைங்க மருந்துத் தாள்ல ஒரு புள்ளி தள்ளி விழுந்திருந்துச்சு. அப்படியே போயிருந்தா பச்சப்புள்ளைக்குப் பத்து மடங்கு மருந்து. அதைப் புடிச்சது நான். அப்ப என் சிஸ்டம் தூங்கிட்டுத்தான் இருந்துச்சு." அவள் தட்டைக் கவிழ்த்து வைத்தாள். "இது தூசி பாக்கற படம்னு அந்த ஆளுகிட்ட ஒரு வார்த்தை சொல்லு தம்பி. அது போதும்."

"சொல்றேன் அண்ணி."

சொல்லவில்லை. பயம்தான், வேறென்ன. நாளைக்கு, நாளைக்கு என்று ஒன்பது நாளை ஓட்டினான். பத்தாம் நாள் மேலாளர் தன் அறையில் கூட்டம் போட்டார்.

மேசைமேல் கம்பியின் நிரந்தர ஆர்டர் இருந்தது. பக்கத்தில் மூடி திறந்த பேனா. "முதல்ல பட்டியல முடிச்சிடுவோம், அப்புறம் நல்ல சேதி," என்று சொல்லிவிட்டு மேலாளர் அண்ணியைப் பார்த்தார்.

"மூணு மாசமா ஒருநாள்கூட உங்க சிஸ்டம் சூடாகலையே. என்ன சொல்றீங்க?"

"நான் படிச்சு, யோசிச்சு செய்யற வேலை சார். அதுக்கு மெஷின் சூடாகாது."

"யோசிச்சா சூடாகாதா?" மேலாளர் சிரித்தபடி தன் திரையை எல்லாரும் பார்க்கத் திருப்பினார். "நானும் யோசிக்கிறவன்தான். பாருங்க. ஏம்பா கம்பி, நீயே சொல்லு, மெஷின் பொய் சொல்லுமா?"

கோப்பை வாங்கிய பையனும், ஸ்வெட்டர் போடாமல் குளிரில் நடுங்கிய தபால் பிரிவுக்காரரும், டைப் அடிக்கிற அம்மாவும் தரையைப் பார்த்தார்கள். அண்ணி மட்டும் கம்பியைப் பார்த்தாள். 'சொல்லாது சார்' என்றால் போதும், ஆர்டர் கைக்கு வந்துவிடும்.

கம்பி எழுந்துபோய் மேலாளரின் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தான். அந்த ஒரு வரியைத் தேடி எடுத்து அழித்தான். ஸ்கிரிப்டைக் கையால் ஓட்டினான்.

எரிமலை போய்விட்டது. திரை முழுக்க நீலக் கடல்.

"இது தூசி பாக்கறதுக்கு எழுதினது சார்," என்றான். "உங்களுதுல தூசியே இல்ல."

மேலாளர் பட்டியலை மடித்து ஜேபியில் வைத்துக்கொண்டார். ஆர்டரை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். தொழில்நுட்பக் கோளாறு காரணமாகத் திரை காட்டுதலும் அதன் பட்டியலும் ரத்து என்று மாலையே சுற்றறிக்கை வந்தது.

கம்பி அண்ணியின் மேசைக்குப் போனான். அவள் நிமிராமல், "இந்த வார்த்தைய அன்னிக்கே சொல்லியிருக்கலாம்," என்றாள். கோபமாகத்தான் சொன்னாள்.

"தெரியும் அண்ணி."

"ஆர்டர் போச்சா?"

"போச்சு."

அவள் ஸ்கேலை எடுத்து வரிக்கு அடியில் வைத்தாள். அது நேராக நிற்கவில்லை. எடுத்து மறுபடி வைத்தாள், மறுபடியும் கோணியது. இத்தனை நாளும் அந்த வீட்டில் தான் ஒருவன்தான் பயந்துகொண்டிருந்ததாகக் கம்பி நினைத்திருந்தான்.