ஏழாவது பாட்டின் இடைவெளி

இல்யாவின் டிரம்ஸை மட்டும் தனியாக ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள் மிர்வா. நவம்பர் மாத ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகிறது, அதற்குள் ஜன்னலில் வெளிச்சம் கழன்றுகொண்டிருந்தது. அவள் உட்கார்ந்திருந்தது அம்மா வீட்டு மாட்டுக்கொட்டகையை ஒட்டிய பால் அறை. மாடுகள் போய் எத்தனையோ காலம் ஆயிற்று. வடக்கே, கரேலியக் குளிர்ப் பகுதியின் இலோமன்ட்ஸி ஊர்ப்பக்கம் இப்படிக் காலியான கொட்டகை ஒன்று இருந்தால் அதற்குள் ஒரு மெட்டல் இசைக்குழு குடியேறிவிடும். இங்கே குடியேறியவர்கள் மூன்று பேர். கிதாரும் தொண்டை கிழியக் கத்துவதும் மிர்வா. குதிரைமயிர் கட்டிய பழைய வில்யாழை மடியில் வைத்து இழுப்பவன் அர்த்து. வாரநாட்களில் அவனுக்கு மர அறுவை மில்லில் வேலை. டிரம்ஸ் அவள் தம்பி இல்யா. இதில் இல்யா இப்போது இல்லை.

போன வருஷம் மார்ச் மாதத்தில் ஏழு பாட்டுக்கும் டிரம்ஸை ஒரே மூச்சில் அடித்துப் பதிவுசெய்துவிட்டு, ஏப்ரலில் ஸ்னோமொபைல் என்ற பனிவண்டியை எடுத்துக்கொண்டு உறைந்த ஏரிக்கு மீன்பிடிக்கப் போனான். ஏப்ரல் மாதத்துப் பனியை நம்பக்கூடாது என்று அந்த ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும் வருஷத்துக்கு ஒருத்தன் போவான். கொய்தெரே ஏரியில் முக்குளிப்பவர்கள் இறங்கித் தேடினார்கள். வண்டி கிடைத்தது, அவன் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து மிர்வா அவன் அடித்துவைத்ததன் மேல் மற்றதையெல்லாம் அடுக்கிக்கொண்டிருக்கிறாள். சுலபமான வேலை இல்லை. இல்யா அவசரக்காரன், பாட்டின் தொடக்கத்தில் ஒரு வேகம், முடிவில் ஒரு வேகம். உயிரோடு இருந்தால் மண்டையில் ஒரு குட்டு வைத்துத் திரும்ப அடிக்கச் சொல்லலாம். இப்போது அவன் ஓடுகிற ஓட்டத்துக்கு இவர்கள்தான் பின்னால் ஓடவேண்டும். பிளாக் மெட்டலின் இரைச்சலும் கரேலியக் கிராமத்து வில்யாழும் ஒன்றோடொன்று சேராது என்று ஊரில் பலபேர் சொன்னார்கள். சேர்ந்துவிட்டது. ஜெர்மனியில் இசைத்தட்டு வெளியிடும் ஒரு ஆள் ஆறு பாட்டைக் கேட்டுவிட்டு, மாத முடிவுக்குள் மிச்சத்தை அனுப்பச் சொல்லியிருந்தார். அவர்களுக்கு அது முதல் ஆல்பம். இல்யாவுக்கு அது ஒன்றுதான் ஆல்பம்.

மிச்சம் இருந்தது ஏழாவது பாட்டு. அதன் நடுவில் எல்லாம் நின்றுபோய், பெரிய டிரம் மட்டும் நிதானமாக நடந்துகொண்டே இருக்கும். நீளமான இடைவெளி. "இங்க அம்மா," என்று சொல்லியிருந்தான் இல்யா. அந்த இடத்தில் அர்த்து வில்யாழை இழுத்துப் பார்த்தான், விறகு அறுப்பது போல இருந்தது. மிர்வா கத்திப் பார்த்தாள், யாரையோ விரட்டுவது போல இருந்தது. இரண்டு பேரும் அதைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

அன்றைக்கு அவள் வேண்டாத பதிவுகளைக் கணினியிலிருந்து கழித்துக்கொண்டிருந்தாள். இல்யா எதற்கும் ஒழுங்காகப் பெயர் வைக்கமாட்டான், எல்லாம் சாப்பாட்டுப் பெயர். ஏழாவது பாட்டின் அடியில், ஒலியை அடைத்து மறைத்துவைத்த ஒரு பதிவு இருந்தது. பெயர் பட்டாணி சூப். அழிப்பதற்கு முன் கேட்போமே என்று திறந்தாள். பாத்திரத்தில் கரண்டி உரசும் சத்தம் வந்தது. பிறகு அம்மாவின் குரல் அழ ஆரம்பித்தது.

அவள் அம்மா ரைசா, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சமையல்காரி. ஊரில் ஒரு சாவு விழுந்தால் ஒப்பாரிக்கு ரைசாவைத்தான் கூப்பிடுவார்கள். அங்கே ஒப்பாரியில் செத்தவர் பெயரைச் சொல்லமாட்டார்கள். என் இளங்குருத்தே, என் விடிவெள்ளியே என்று சுற்றிவளைத்துத்தான் கூப்பிடுவார்கள். அதைவிடக் கண்டிப்பான இன்னொன்று உண்டு. செத்தவர் ஒருவர் எதிரே இல்லாமல் அழக்கூடாது. அப்படி அழுதால் அந்த அழுகை தனக்கொரு ஆளைத் தேடிக்கொண்டு கிளம்பிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை.

இல்யா இதையெல்லாம் கேட்கிற பிள்ளையா? பிளாக் மெட்டல்காரர்கள் வழக்கப்படி படம் எடுப்பதற்காக முகத்தில் பிணம் போல வெள்ளைப் பூச்சைப் பூசிக்கொண்டு சமையலறையில் வந்து நிற்பான். ஆல்பத்துக்கு ரெண்டே வரி அழு, சும்மா ரெண்டு வரி என்று அந்த மார்ச் மாதம் முழுக்க அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரியாத குறைதான். ஒரு வியாழக்கிழமை, அடுப்பில் பட்டாணி சூப் கொதிக்கும்போது, தொல்லை விட்டால் போதும் என்று ரைசா அழுதாள். பாதியில் அவளுக்கே என்னவோ போலாகி நிறுத்தி, சிலுவை போட்டுக்கொண்டு, அழித்துவிடச் சொன்னாள். அவள் கண் முன்னாலேயே ஒரு பொத்தானை அழுத்தி, போச்சு பார் என்று காட்டினான். அடுத்த மாதம் ஏரிக்குப் போனான்.

அதற்குப் பிறகு ரைசா எந்தச் சாவிலும் வாய் திறக்கவில்லை. தேவாலயத்திலிருந்து கூப்பிட்டால் தொண்டை போய்விட்டது என்பாள். இல்யாவுக்குப் பெட்டி இல்லாமல் நினைவுப் பூசை நடந்தபோது ஊரே அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. கட்டை போல நின்றுவிட்டு வந்தாள். உடல் கிடைக்காததால்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள், மிர்வாவும் அப்படித்தான் நினைத்தாள். பூசை முடிந்து காபிக் கோப்பைகளைக் கழுவும்போது ரைசா திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"அவனுக்கு நான் அழுது முடிச்சாச்சுடி. அவன் இருக்கும்போதே அழுதாச்சு. அதான் போயிட்டான்."

மிர்வா என்னென்னவோ சமாதானம் சொன்னாள். பனி மெலிந்திருந்தது, வண்டி கனம், அவ்வளவுதான் என்றாள். ரைசா கோப்பையைத் துடைத்து வைத்தாள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

இப்போது அந்த அழுகை, அழியாமல், மிர்வாவின் காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. அதைப் பாட்டின் இடைவெளியில் கொண்டுபோய் வைத்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது. அம்மா மூச்சு வாங்கும் இடத்தில் டிரம் ஓர் அடி எடுத்துவைத்தது, குரல் இறங்கும் இடத்தில் தானும் இறங்கியது. இல்யா அதைக் காதில் மாட்டிக் கேட்டுக்கொண்டேதான் அடித்திருக்கிறான். ஏழு பாட்டில் இந்த ஒன்றை மட்டும் அவன் அவசரப்படாமல் அடித்தது எப்படி என்று அவளுக்கு இப்போதுதான் விளங்கியது. ஆனால் ஒப்பாரி பாதியில் நின்ற பிறகும் டிரம் அதே அளவு தூரம் தனியாக நடந்தது. அம்மா ஒருநாள் மீதியையும் அழுவாள் என்று இடம் விட்டுவைத்திருக்கிறான்.

அர்த்து வந்து கேட்டான். கேட்டுவிட்டு வெளியே போய், ஒரு சிகரெட் முழுவதையும் இழுத்துவிட்டுத் திரும்பினான். கண் சிவந்திருந்தது. இதுதான் ஆல்பம், மற்றதெல்லாம் இதற்கு முன்கதை என்றான்.

"அம்மாகிட்ட என்னடா சொல்றது?"

"ஒண்ணும் சொல்லாதே. உங்கம்மா உட்கார்ந்து பிளாக் மெட்டல் கேக்கவா போறாங்க? நாம பாடினாலே உருளைக்கிழங்கு மூட்டை சரியிற மாதிரி இருக்குன்னு சொல்றவங்க."

"நாளைக்கு ஊர்ல யாராவது போய்ச் சொன்னா?"

"மிர்வா, அவன் ஆசைப்பட்டது இது. அவனுக்குன்னு நாம வேற என்ன செய்ய முடியும், சொல்லு."

அவன் போன பிறகு அவள் அதையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். ஆசையாக இருந்தது. வெட்கமில்லாத ஆசை. இந்த ஒரு பாட்டுக்காகத் தம்பியின் பெயரை உலகம் தெரிந்துகொள்ளும் என்று தோன்றியது. கூடவே, எங்கோ முன்பின் தெரியாத ஒருவன் பேருந்தில் உட்கார்ந்து இதைக் கேட்பான், ஒவ்வொரு தடவையும் அம்மா ஆளில்லாமல் அழுதுகொண்டிருப்பாள் என்பதும் தோன்றியது. அழுகை ஆள் தேடும் என்ற நம்பிக்கை அவளுக்கு இல்லை. இல்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். சொல்லாமல் செய்ய முடியாது என்று தெரிந்ததும் எழுந்து வீட்டுக்குள் போனாள்.

ரைசா சமையலறையில் ரை தானிய மாவுப் பணியாரத்துக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தாள். மிர்வா நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். மடிக்கும் விரல்கள் நின்றன. பிறகு அந்த ஒன்றை மட்டும் மடித்து முடித்துத் தட்டில் வைத்தன.

"அழிச்சுட்டேன்னு சொன்னான்."

"பொய் சொல்லியிருக்காம்மா."

"திருட்டுப்பய," என்றாள் ரைசா. மகன் போனதிலிருந்து அவனை அவள் திட்டியதே இல்லை. பெயரைக்கூட எடுத்ததில்லை.

"நீ வேணாம்னா இப்பவே அழிச்சுடறேன். நிஜமா. நீயே பக்கத்துல நின்னு பாரு."

ரைசா மாவுக் கையைக் கழுவினாள், துடைத்தாள். "எவ்வளவு இருக்கு அதுல?"

"பாதிதான். நீ நிறுத்தின வரைக்கும்."

"அப்போ அது இன்னும் முடியல," என்றாள் தனக்குள் சொல்வது போல. பிறகு, "வா, போட்டுக் காட்டு."

கவசம் போலக் கனத்த கோட்டை மாட்டிக்கொண்டு, தலையில் கம்பளிச் சால்வையோடு, இல்யா போனதிலிருந்து காலெடுத்து வைக்காத பால் அறைக்குள் ரைசா வந்தாள். டிரம்ஸ் அவன் விட்டுப்போன இடத்திலேயே கந்தல் விரிப்பின் மேல் இருந்தது. அதைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து நின்றாள். மிர்வா ஏழாவது பாட்டை முதலிலிருந்து போட்டாள். ஒலிபெருக்கியில் கிதாரும் கத்தலும் வில்யாழும் ஒன்றாகச் சரிந்து இறங்கின. மகள்தான் அப்படிக் கத்துகிறாள் என்பது ரைசாவுக்குத் தெரியும். இருந்தாலும் ஒருமுறை திரும்பி, வலிக்கிறதா என்று கேட்பது போல அவள் தொண்டையைப் பார்த்தாள்.

எல்லாம் நின்றது. டிரம் மட்டும் நடந்தது. அதன் மேல் ரைசாவின் குரல் வந்தது. தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு நின்றாள். உதடு அசையவில்லை. பதிவில் குரல் ஏறி ஏறிப் போய், திடீரென்று அறுந்தது. மூடி ஒன்று விழும் சத்தம். "போதும். அழிடா அதை," என்றது பதிவிலிருந்த ரைசா. அதற்குப் பதிலாக இல்யா சிரித்தான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் சிரிப்பான், மூக்கால். பிறகு டிரம் தனியாக நடந்தது.

ரைசா சால்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். உடம்பு முன்னும் பின்னுமாக ஆட ஆரம்பித்தது. விட்ட இடத்திலிருந்தே எடுத்தாள்.

முன்னே போனவர்களே, ஈரத்துக்கு அடியில் வீடு கட்டிக்கொண்டவர்களே, என் இளங்குருத்தைக் கைபிடித்து இறக்கிக்கொள்ளுங்கள் என்று அழுதாள். பொறுமை இல்லாத பிள்ளை, உங்களுக்கு முன்னால் ஓடி வழி தவறிவிடுவான், பெயர் சொல்லாமல் கூப்பிடுங்கள், வருவான். அவன் கைகள் சும்மா இருக்காது, தட்டுவதற்கு ஏதாவது கொடுங்கள். நான் வெளுத்த துணி போர்த்தி அனுப்பவில்லை, நீங்கள் போர்த்துங்கள். உன்னைத் தேடி என் வாயே வந்ததா என் விடிவெள்ளியே, என் வாயே உனக்கு வழி காட்டியதா என்று கேட்டாள். குரல் உடைந்த இடத்திலும் நிறுத்தவில்லை. அவள் மூச்சு வாங்கும் இடத்தில் டிரம் காத்திருந்து அடியெடுத்தது.

மிர்வாவின் எதிரே திரையில் பதிவுசெய்யும் சிவப்புப் பொத்தான் இருந்தது. அவள் கத்துவதற்கென்று வைத்த மைக் அம்மாவின் தலைக்கு ஒரு கை தள்ளி நின்றது. ஒரு தடவை அழுத்தினால் போதும். இடைவெளி நிரம்பிவிடும், ஆல்பம் முடிந்துவிடும், தம்பி கேட்டது அப்படியே கிடைத்துவிடும். விரலை அதன் மேல் வைத்தாள். வைத்தபடியே இருந்தாள். அழுத்தவில்லை. ஏன் என்று அர்த்து பிற்பாடு கேட்டபோது அவளால் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. அவன் ஒரு வாரம் அவளோடு பேசவும் இல்லை. அப்போது அவளுக்குத் தெரிந்ததெல்லாம், அந்த அழுகைக்குக் கடைசியில் ஒரு ஆள் கிடைத்துவிட்டான், அவனைத் தவிர வேறு யாரும் அதைக் கேட்கக்கூடாது என்பதுதான்.

இடைவெளி முடிந்து டிரம்ஸ் முழு வேகத்தில் திரும்பி வந்தது. ரைசா நிறுத்தவில்லை. அந்த இரைச்சலுக்கு மேல் ஏறி, மகன் ஓடிய ஓட்டத்துக்கு ஈடுகொடுத்து, பாட்டு முடியும் வரை அழுதாள்.

சத்தம் ஓய்ந்தது. ரைசா சால்வையை விலக்கி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். நேராகப் போய்ப் பால் அறையின் கதவுத் தாழ்ப்பாளை நீக்கி அகலத் திறந்துவிட்டாள். முற்றத்துக்குக் கீழே நிலா வெளிச்சத்தில் ஏரி தெரிந்தது. ஓரத்தில் புதுப் பனி, நடுவில் இன்னும் கருப்புத் தண்ணீர். குளிர் உள்ளே வந்தது. அவனை வழியனுப்பத்தான் திறக்கிறாள் என்று மிர்வா நினைத்தாள், அழுகையோடு அழுகையாக ஓர் ஆறுதலும் வந்தது. கணினியில் பட்டாணி சூப்பைத் தேர்ந்தெடுத்து, அழிக்கட்டுமா என்று கேட்டாள்.

ரைசா டிரம்ஸைச் சுற்றிக்கொண்டு போய் இல்யாவின் முக்காலியில் உட்கார்ந்தாள். ஒன்றரை வருஷமாக யாரும் உட்காராத முக்காலி அது.

"இன்னொரு தடவை போடுடி," என்றாள்.

"அம்மா. கதவு..."

"இருக்கட்டும். அவன் உள்ள வரட்டும்."

மிர்வா போட்டாள். ஒலிபெருக்கியில் இல்யா அடிக்க ஆரம்பித்ததும், ரைசாவின் முழங்காலுக்கு எதிரே இருந்த சின்ன டிரம், யாரும் தொடாமலே, மெல்ல அதிர்ந்து முனகத் தொடங்கியது. கதவு வழியாகப் பொடிப்பனி பறந்து வந்து விரிப்பின் மேல் படிந்தது. ரைசா உள்ளங்கையை அந்தத் தோலின் மேல் வைத்தாள். அழுத்தி அடக்கவில்லை. காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போலச் சும்மா வைத்திருந்தாள்.