பதினோராம் பக்கத்து மூட்டை

புத்தகம் வெளிவந்த மூன்றாம் ஆண்டில் மூட்டைப் பூதத்தின் முதுகு வளையத் தொடங்கியது. அதுவரை பதினோராம் பக்கத்தில், ஆற்றுப் பாலத்தின் மேல், தோளில் சாக்குமூட்டையோடு விறைப்பாக நின்றிருந்த பூதம், வாங்கியவர்கள் வீட்டிலும் நூலக அலமாரியிலும் கடையில் விற்காமல் கிடந்த பிரதிகளிலும் ஒரே மாதத்தில் இரண்டு விரற்கடை குனிந்தது. மை ஊறிவிட்டது என்று அச்சு இயந்திரம் ஓட்டுகிறவர் சொன்னார். காகிதம் மட்டம் என்று தைத்து ஒட்டுகிறவர் சொன்னார். நூலகர் எதையும் சொல்வதற்கு முன்னால் நிறுத்துப் பார்க்கிற ஆள். பார்சல் தராசில் வைத்துப் பார்த்தார். இருபத்துநான்கு பக்கப் படப்புத்தகம் அகராதியின் கனம் கனத்தது. அதை மேல்தட்டிலிருந்து எடுத்துக் கீழ்த்தட்டில் வைத்து, "கனமான நூல், இரு கையாலும் எடுக்கவும்" என்று சீட்டு எழுதி ஒட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனார்.

அந்தப் புத்தகத்துக்குப் படம் போட்டவளைத் தெருவில் எல்லோரும் படக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் புருஷன் அச்சகத்தில் கம்பாசிட்டர். ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்தே விரல்நுனி கறுத்தவர். கதையின் வரிகளை எழுதியதும் அவர்தான், கோத்ததும் அவர்தான். மூட்டைப் பூதம் அவர்கள் கண்டுபிடித்ததல்ல. சோறு இறங்காத பிள்ளைக்கும் தூக்கம் வராத பிள்ளைக்கும் அந்த ஊரில் எல்லா வீட்டிலும் சொல்லி மிரட்டுகிற பழைய பூதம் அது. அடம்பிடித்தால் வந்து மூட்டையில் போட்டுக்கொண்டு போய்விடும், அவ்வளவுதான் கதை. இவர்கள் மகளிடம் யாரோ அதைச் சொல்லிவிட்டார்கள். அழும் என்று பார்த்தால் அது வேறு கேள்வி கேட்டது: "அவ்ளோ பேரைத் தூக்கிட்டு நடந்தா அதுக்குத் தோள் வலிக்காதாம்மா?" கம்பாசிட்டர் அன்று சிரித்த சிரிப்பில் கையிலிருந்த எழுத்துப் பெட்டி கவிழ்ந்து, ஒரு வாரம் பொறுக்கினார். பொறுக்கி முடிப்பதற்குள் கதை வந்துவிட்டது. தூக்கம் வராத பிள்ளைகளைப் பூதம் மூட்டையில் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றி நடக்கும், ஆட்டத்தில் பிள்ளை கண்ணயர்ந்ததும் விடிவதற்குள் கொண்டுபோய் அதனதன் படுக்கையில் இறக்கிவிடும். ஆறு வயதும் படிக்கலாம், அறுபதும் படிக்கலாம் என்று அட்டையில் போட்டார்கள்.

படக்காரியின் வேலைக்கு ஒரு முறை இருந்தது, கேட்டுக்கொள்ளுங்கள், பின்னால் நடந்ததெல்லாம் அதனால் நடந்ததுதான். யாருக்கும் தெரியாத உள்பக்கத்தை முதலில் பென்சிலால் வரைந்துவிட்டு, அப்புறம்தான் வெளிப்பக்கத்தை மையால் மூடுவாள். மூடிய அலமாரி என்றால் உள்ளே மடித்த சட்டைகள் இருக்க வேண்டும். செருப்பு என்றால் உள்ளே ஐந்து விரலும் இருக்க வேண்டும். "உப்பு ஜாடி வரையச் சொன்னா உப்பை எண்ணிக்கிட்டு உட்கார்ந்திருப்பா" என்று புருஷன் கேலி பண்ணுவார். உள்ளே ஒன்றும் இல்லாமல் வரைந்தால் வெளியே சப்பென்று இருக்கும் என்பாள் அவள்.

பத்துப் பக்கம் முடிந்திருந்தபோது மகளுக்குக் காய்ச்சல் வந்தது. நான்கு நாள். அத்தோடு சரி. ஆறு வயதுப் பிள்ளை. மடித்துவைத்த கவுன்கள் அலமாரியில் அப்படியே இருந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு முனை வெளியே தொங்கிக்கொண்டு. அதற்கு எதையும் ஒழுங்காக மடிக்கத் தெரியாது.

இரண்டு மாதம் கழித்துப் படக்காரி பதினோராம் பக்கத்துக்கு உட்கார்ந்தாள். பாலம் வரைந்தாள், பூதம் வரைந்தாள், மூட்டைக்குள் மகளை வரைந்தாள். முழங்காலை மடக்கி, அதில் கன்னத்தைச் சாய்த்து, வாயில் கட்டைவிரலோடு. தூரிகை கழுவத் தண்ணீர் கொண்டுவந்த கம்பாசிட்டர் அதைப் பார்த்தார். தண்ணீரை வைத்துவிட்டுப் போய்விட்டார். அவள் சாக்கின் நெசவை இழை இழையாக மையால் மேலே போட்டு மூடி, வாயை இரட்டை முடிச்சாகக் கட்டி, மூச்சு விடுவதற்குக் கடுகளவு ஓட்டை ஒன்று விட்டாள். அச்சில் அதைத் தூசி என்று நினைத்து அடைக்கப் பார்த்தார்கள். கம்பாசிட்டர் பக்கத்திலேயே நின்று அடைக்கவிடாமல் பார்த்துக்கொண்டார்.

மூட்டை வளர்ந்தது அப்படித்தான். படம் என்றாலும் உள்ளே இருப்பது பிள்ளை. பிள்ளை என்றால் வளரும். ஐந்தாம் ஆண்டில் பூதம் ஒரு கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டது. எட்டாம் ஆண்டில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டது. கடிதங்கள் வர ஆரம்பித்தன. ஒரு குழந்தை பூதத்தின் முழங்காலில் ஒட்டச் சொல்லி பிளாஸ்திரி அனுப்பியது. இன்னொன்று தள்ளுவண்டி படம் வரைந்து, இதை அடுத்த பக்கத்தில் வைத்தால் போதும் என்று யோசனை சொன்னது. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், தமக்கும் இதே இடத்தில்தான் பிடிப்பு என்றும், குனியும்போது மூச்சை வெளியே விடப் பூதத்துக்குச் சொல்லும்படியும் எழுதினார். படக்காரி எல்லாவற்றுக்கும் பதில் போட்டாள். மூட்டையில் என்ன இருக்கிறது என்று கேட்ட கடிதங்களை மட்டும் தனியே கட்டி வைத்தாள். ஒவ்வொரு பிறந்தநாளிலும் புத்தகத்தைத் திறந்து மூட்டையை நூலால் அளப்பாள். நன்றாக வளர்ந்திருக்கும். அன்றைக்கு அவள் முகம் தெளிந்திருக்கும்.

பதினாறாம் ஆண்டில் பூதம் மண்டியிட்டது. அதன் முழங்காலுக்குக் கீழே பாலத்தில் விரிசல் கண்டது. தையல் தெறித்துப் பிரதிகள் திரும்பி வந்தன. அவர்கள் எல்லாப் புத்தகத்தையும் போட்ட பதிப்பாளர் அம்மாள் ஒருநாள் காலையில் வீட்டுக்கே வந்தார். நல்ல மனுஷி, ஆனால் சுற்றிவளைக்கத் தெரியாது.

"பூதம் விழுந்திடும் போல இருக்கும்மா. விழுந்தா பாலத்தோட ஆத்துக்குள்ளதான். சின்னப் பசங்க படிக்கிற புத்தகம். ஒண்ணு மூட்டையை அவிழ்த்து வரைஞ்சு குடுங்க. இல்லன்னா இதோட நிறுத்திடுவோம்."

"அவிழ்க்க முடியாது."

"உள்ள என்னதான் வெச்சிருக்கீங்க?"

"வரைஞ்சவளுக்குத் தெரியும்."

"பூதத்துக்கும் தெரியுமில்ல? அது பாடு எப்படின்னு யோசிச்சீங்களா?"

படக்காரி எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். பதிப்பாளர் அம்மாள் கம்பாசிட்டரைப் பார்த்தார். அவர் தம் கறுத்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் பதினாறு வருஷமாகச் சொல்லாததை அன்று மத்தியானம் சொன்னார். சாப்பிட்ட தட்டு காய்ந்துகொண்டிருந்தது, இருவரும் எழுந்திருக்கவில்லை.

"ஏம்மா, அவளுக்கு இப்ப இருபத்திரண்டு."

"தெரியும்."

"நீ வரைஞ்சப்போ காலை மடக்கி உட்கார வெச்சே. இன்னும் அப்படியேதான் உட்கார்ந்திருக்கா. மரத்துப் போயிருக்காதா?"

படக்காரி தட்டில் காய்ந்து ஒட்டியிருந்த பருக்கையை நகத்தால் சுரண்டினாள்.

"நீட்டக்கூட இடமில்லாம," என்றார் அவர்.

"அவிழ்த்தா போயிடுவாளேங்க."

"போகட்டும்மா. இருபத்திரண்டு வயசுல எந்தப் பொண்ணு வீட்டுக்குள்ளயே உட்கார்ந்திருக்கு?"

அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். மூலப்படத்தை அலமாரியிலிருந்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தாள். மையைச் சுரண்டுகிற பிளேடால் முடிச்சை மட்டும் சுரண்டினாள், மேல்முடிச்சு, அப்புறம் கீழ்முடிச்சு. சாக்கின் மற்ற இடத்தைத் தொடவில்லை. கொஞ்சம் சுரண்டினால் பென்சில் கோடு தெரிந்திருக்கும், முகம் எப்படி ஆகியிருக்கிறது என்று பார்த்திருக்கலாம். வளர்ந்த பெண் வெளியே வரும்போது பெற்றவளே ஆனாலும் கதவைத் தட்டாமல் எட்டிப் பார்க்கக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். பிளேடைத் துடைத்து வைத்துவிட்டு, புருஷனையும் கூட்டிக்கொண்டு பின்கட்டுக்குப் போய், துணி காய்கிற கொடிக்குக் கீழே வெகுநேரம் நின்றாள்.

திரும்பி வந்தபோது பூதம் எழுந்து நின்றிருந்தது. காலிச் சாக்கு நான்காக மடிந்து அதன் தோளில் கிடந்தது, ஒரு முனை வெளியே தொங்கிக்கொண்டு. படக்காரி அந்த முனையை விரலால் தொட்டாள். மை இன்னும் ஈரமாக இருந்தது.

பாலத்திலிருந்து கால்தடங்கள் போயின. எல்லாப் பிரதிகளிலும் அப்படியே. முதல் சில அடிகள் கோணலும் மாணலுமாக, கால் மரத்தவர் நடப்பது போல, பிறகு நேராக. இருபத்திரண்டாம் பக்கத்தில் பூதம் கடைசியாகப் பிள்ளையை இறக்கிவிடுகிற வீட்டு ஜன்னல் வரைந்திருக்கிறது அல்லவா, அதன் கீழே இரண்டு பாதமும் சேர்ந்தாற்போல் பதிந்திருந்தன, விரல்கள் ஜன்னலைப் பார்த்து. மற்ற தடங்களைவிட அங்கே மை ஆழம். பிறகு தடங்கள் திரும்பி, கடைசிப் பக்கத்துப் படுக்கையைச் சுற்றிக்கொண்டு, பின்னட்டையின் ஓரத்தைத் தாண்டிப் போயிருந்தன. இவர்கள் வீட்டுக்குள் ஒரு தடமும் இல்லை. படக்காரி மேசைக்கடியிலும் வாசலிலும் விளக்கு வைத்துத் தேடினாள். பிறகு உட்கார்ந்து, ஒரு பாதத்தை நூலால் அளந்து, படத்தின் அளவுக்குக் கணக்குப் போட்டுப் பெருக்கி, தன் காலோடு வைத்துப் பார்த்தாள்.

"என் அளவுதாங்க," என்றாள்.

"செருப்பு இல்லாம போயிருக்கா," என்றார் கம்பாசிட்டர்.

"ஆறு வயசுச் செருப்பு எப்படிச் சேரும்?"

அதைச் சொல்லிவிட்டுத்தான் அவள் அழுதாள், பதினாறு வருஷத்தில் முதல்முறையாகச் சத்தம்போட்டு. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

நூலகர் மறுபடி நிறுத்துப் பார்த்தார். படப்புத்தகத்தின் கனம்தான் இருந்தது. சீட்டைக் கிழித்துவிட்டு மேல்தட்டில் வைத்தார். பதிப்பாளர் அம்மாள் கால்தடங்களோடேயே அடுத்த பதிப்பைப் போட்டார். பிள்ளைகள் அவற்றின் மேல் விரலால் நடந்து பார்த்தார்கள், ஜன்னலுக்குக் கீழே வந்ததும் விரல் தானாக நின்றது. அது ஓர் அக்காவின் கால் என்று தானாகவே முடிவு பண்ணிய ஒரு குழந்தை, அக்கா ஏன் கூப்பிடாமலேயே போய்விட்டாள் என்று கேட்டு எழுதியது. படக்காரி அந்தக் கடிதத்தை ஒரு வாரம் கையில் வைத்திருந்தாள். உள்ளே இருட்டாக இருந்தது, தூங்குகிறவர்களை எழுப்ப வேண்டாம் என்று போயிருப்பாள் என்று பதில் போட்டாள். போட்ட கையோடு ஜன்னலுக்குள் ஒரு விளக்கு வரைந்தாள். முதலில் எண்ணெய், பிறகு திரி, அதற்கு மேல் மஞ்சள். அந்தச் சிறு மஞ்சளுக்காக ஒரு தனி அச்சு ஓட்ட வேண்டியிருந்தது. பதிப்பாளர் அம்மாள் ஏன் என்று கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த எல்லாப் பதிப்புகளிலும் அது எரிகிறது. புதிய தடம் எதுவும் இதுவரை விழவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும், கம்பாசிட்டர் இருபத்திரண்டாம் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, எண்ணெய் போதும் என்று அவளிடம் சொல்வார்.