தெய்வநாயகி வைத்த பெயர்கள்

மாசி மாதத்து இரண்டாம் செவ்வாய்க்கிழமை வேன் வண்டியில் வந்திறங்கிய இரண்டாயிரம் பழ ஈக்களும், பெயர் வைக்காமல் பறக்க முடியாது என்று பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டன. திருக்கழுக்குன்றத்துக்குத் தெற்கே ஏழு ஊர் மாந்தோப்புகளுக்கென்று ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வளர்த்த ஆண் ஈக்கள் அவை. கூட்டுப்புழுவாக இருக்கும்போதே கதிர்வீச்சு பாய்ச்சி, அடையாளத்துக்கு ரோஸ் பொடி தூவி அனுப்பியிருந்தார்கள். தோப்பிலிருக்கும் பெண் ஈ இவற்றோடு கூடி இடுகிற முட்டை பொரியாது. பொரியாவிட்டால் ருமானி மாம்பழத்தில் புழு கிடையாது. ஆனால் செவ்வாய்தோறும் ஒரு பெட்டியாக, ஒரு தோப்பு பாக்கியில்லாமல் விட வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும், அங்கே பெருகுவது மற்ற எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிடும். இதையெல்லாம் தமிழ்வாணன் என்ற இளம் அதிகாரி கூட்டம் போட்டுப் பொறுமையாக விளக்கினார். விளக்கும்போது 'மலட்டு ஈ' என்றும் ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தார். வந்தது வினை.

பெட்டியைத் தொட ஒருவரும் வரவில்லை. தொட்டால் தோஷம் வீட்டுக்குள் வந்துவிடும் என்று பெண்கள் ஒதுங்கினார்கள். ஆண்கள் அதைவிட வேகமாக ஒதுங்கினார்கள். பெரிய தோப்புக்காரி சாரதாம்பாள்தான் வழி கண்டுபிடித்தாள். அவளுடைய கொழுந்தன் கேசவன் மனைவி தெய்வநாயகிக்குக் கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம், குழந்தை இல்லை. "நீ தொறடி. உனுக்கு இன்னா புச்சா ஆவப்போவுது?" என்றாள், அத்தனை பேர் முன்னாலும். தன் மருமகள் வளைகாப்பின்போதும் தெய்வநாயகியைச் சமையற்கட்டோடு நிறுத்திவைத்த மகராசி அவள். தெய்வநாயகி மூடியைத் திறந்தாள்.

எதுவும் அசையவில்லை. அரை மணி நேரம் பார்த்துவிட்டு, மனசு கேட்காமல், "கெளம்புடா ராசா" என்றாள். ராசா என்பதையே தன் பெயராக எடுத்துக்கொண்டு ஒரே ஓர் ஈ மட்டும் பெட்டியின் விளிம்பில் ஏறி நின்றது. மற்றவை தம் முறைக்குக் காத்திருந்தன. பொழுது சாய்வதற்குள் நடைமுறை பிடிபட்டுவிட்டது. கூப்பிடுவது தெய்வநாயகியின் குரலாக இருக்க வேண்டும். வாய்க்கு வந்த பெயர் ஆகாது, யாருக்காவது உரியதாக இருக்க வேண்டும். ஒருமுறை வைத்தது மறுபடி செல்லாது. பெட்டியில் கடைசி ஈக்கும் பெயர் வைத்த பிறகே எல்லாம் சேர்ந்து பறக்கும். தமிழ்வாணன் இதை மேலிடத்துக்கு எழுதினார். பெயர்களை உள்ளூரிலேயே ஏற்பாடு செய்துகொள்ளவும் என்று பதில் வந்தது.

ஏழு ஊர் வாக்காளர் பட்டியல் பங்குனிக்குள் தீர்ந்தது. கே. வெங்கடேசனும் எம். வெங்கடேசனும் வேறு வேறு ஆட்கள் என்று ஈக்கள் பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டதால் அவ்வளவு நாள் தாங்கியது. பிறகு திருவிடந்தைப் பெருமாளின் ஆயிரம் நாமங்கள் போயின, கோவளத்துப் படகுகளின் பெயர்கள் போயின. அங்கே மீன் விற்கும் ஜெசிந்தா, மாதா கோவில் ஞானஸ்நானப் பட்டியலையும் பள்ளிவாசல் தெருப் பெயர்களையும் எழுதி வாங்கி வந்து தந்தாள். சித்திரையில், முன்பு ஒதுங்கிப்போன பெண்களே ஒவ்வொருவராக வந்து, பிறந்து தங்காத பிள்ளைகளுக்கு நினைத்துவைத்திருந்த பெயர்களைத் தெய்வநாயகியின் காதில் சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் ஒரு பெயரை மட்டும் தொடவில்லை. கல்யாணமான வருஷம் அவளும் கேசவனும் தங்கள் பிள்ளைக்கென்று எடுத்துவைத்த பெயர் அது. பட்டியலில் வேறு யாருக்காவது அதே பெயர் இருந்தாலும் தாண்டிப் போய்விடுவாள்.

சித்திரைக் கடைசிச் செவ்வாய், கடைசிப் பெட்டி, சாரதாம்பாளின் தோப்பு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ஈக்கள் விளிம்பில் நிற்க, ஒன்று மட்டும் உள்ளே இருந்தது. கையில் ஒரு பெயரும் மிச்சமில்லை. ஏழு ஊரும் தோப்பில் நின்றது. எல்லோருக்கும் விஷயம் தெரியும், யாருக்கும் கேட்கத் தைரியமில்லை.

"அத்த மட்டும் கேக்காதீங்க. என்கிட்ட கீறதே அது ஒண்ணுதான்" என்றாள் தெய்வநாயகி.

சாரதாம்பாள் முன்னால் வந்தாள். கேட்கத்தான் போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். "வாணாம் தெய்வா. தோப்பு போனாப் போவட்டும். அது உன் புள்ள பேரு" என்றாள்.

உன் பிள்ளை என்று அவளிடம் யாரும் அதுவரை சொன்னதில்லை. தெய்வநாயகி உடைந்து அழுதாள். அழுதபடியே பெட்டிக்குள் குனிந்து, "பரணிதரா, போய்ட்டு வாப்பா" என்றாள். இரண்டாயிரமும் ஒன்றாக எழும்பித் தோப்புக்குள் போயின.

அந்த வருஷம் ஏழு ஊரிலும் ஒரு ருமானியில்கூடப் புழு இல்லை. அந்த ஈக்களுக்கு ஆயுசு பதினைந்து நாள். பறக்கவிட்ட பதினாறாம் நாள் காலை தெய்வநாயகி வீட்டில் அடுப்பு பற்றவைக்கவில்லை. யாரும் காரணம் கேட்கவில்லை. ஏழு ஊரிலிருந்தும் வந்து, வாசலில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து, கேசவனின் கையைத் தொட்டுவிட்டுப் போனார்கள். தமிழ்வாணன் லீவு போட்டுவிட்டு வந்தார். பங்காளி வீட்டில் சின்னப் பிள்ளை தவறினால் மூன்று நாள் தீட்டு என்பதால் சாரதாம்பாளும் தன் வீட்டில் உலை வைக்கவில்லை. ஜெசிந்தா பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்த சோற்றைச் சாரதாம்பாளே வாங்கித் தட்டில் போட்டு, மூலையில் சுருண்டு கிடந்த தெய்வநாயகி பக்கத்தில் உட்கார்ந்து, "எழுந்திரு பரணிம்மா, ரெண்டு வாய் சாப்டு" என்றாள். அவள் எழுந்து கை கழுவிக்கொண்டு வந்து சாப்பிட்டாள். இப்போது ரேஷன் கடை வரிசையில்கூட அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். கூப்பிட்டதும் திரும்பிப் பார்க்கிறாள்.