பாதிப் பூசை

ஞாயிற்றுக்கிழமை காலையில், அதுவும் கறி எடுத்து வந்து பையை இறக்கிய கையோடு, அண்ணன் வாசலில் வந்து நிற்பார் என்று சவரி கனவில்கூட நினைத்ததில்லை. நினைத்திருந்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்காவது போயிருப்பான். ஆறு வருஷமாக முகத்தில் முழிக்காத மனுஷன். பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, கழுத்தெல்லாம் வேர்வை. காலில் செருப்பு இல்லை. வில்லாபுரத்திலிருந்து ஒத்தக்கடை வரைக்கும் வெறுங்காலோடு வண்டி ஓட்டி வந்திருக்கிறார்.

சவரி உள்ளே கூப்பிடவில்லை. சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவன், உரித்தபடியே என்ன விஷயம் என்று கேட்டான். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அவன் மனைவி ஜெயக்கொடிதான் பதறிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அண்ணன் இன்னாசி உட்காரவில்லை.

இவர்களுக்குள் என்ன பகை என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஒரு போஸ்டர், அவ்வளவுதான். மதுரையில் காது குத்தினாலும் போஸ்டர், கவுன்சிலருக்குப் பிறந்தநாள் என்றாலும் போஸ்டர், ஆள் செத்தால் கேட்கவே வேண்டாம். அம்மா இறந்தபோது கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்தது இன்னாசி. அம்மாவை எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது என்பதில் அந்த வாரம்தான் அண்ணனும் தம்பியும் வாய்க்கு வந்தபடி பேசிக்கொண்டிருந்தார்கள். போஸ்டரில் மகன், மருமகள், பேரப்பிள்ளைகள், சம்பந்தி, டீக்கடை நண்பர்கள் வரைக்கும் எல்லார் பெயரும் இருந்தது. சவரி பெயர் இல்லை.

சாவுச் சேதி கேட்டு அடித்துப் பிடித்துக் கிளம்பியவன், மாட்டுத்தாவணியில் பஸ் மாறும்போது சுவரில் அம்மா முகத்தைப் பார்த்தான். கீழே இருந்த பெயர்களைப் படித்தான். விட்டுப்போயிருக்கும் என்று மறுபடியும் முதலிலிருந்து படித்தான். பக்கத்தில் நின்று படித்துக்கொண்டிருந்த யாரோ ஒருவர், பாவம், அந்தம்மாவுக்கு ஒரே மகன் போலிருக்கு என்றார். அந்த வார்த்தை சவரிக்குள் இறங்கி அப்படியே தங்கிவிட்டது. அடக்கத்துக்கு யாரோ போல வந்து, யாரோ போல ஒரு பிடி மண் போட்டுவிட்டுத் திரும்பியவன்தான், அதன் பிறகு வில்லாபுரம் பக்கம் போகவே இல்லை.

இதைவிடப் பெரிய எரிச்சல் ஒன்று உண்டு. பெயரை விட்டது பிரஸ்காரன், தம்பி பேசியதையெல்லாம் நான் மன்னித்துவிட்டேன் என்று இன்னாசி சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். பெயரை எடுத்தது அவர்தான் என்று சவரிக்குத் தெரியும், மன்னிப்பதும் அவரேயாம். வயிறு எரியுமா எரியாதா, சொல்லுங்கள்.

அதனால்தான், அடுத்த மாதம் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் என்று ஏற்கெனவே காதில் விழுந்திருந்த சவரிக்கு, இவர் எதற்கு வந்திருக்கிறார் என்பது தெளிவாகவே தெரிந்தது. மேடையில் சித்தப்பா இல்லாவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் கேட்பார்கள். பந்தலுக்கு ஆள் குறைகிறதோ என்று கேட்டே விட்டான்.

இன்னாசி தலையை ஆட்டி மறுத்துவிட்டு, வாசலில் நின்றபடியே நடந்ததைச் சொன்னார். இன்றைக்குப் பூசையில் அவர் மகளுக்கு ஓலை வாசித்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்று கோயிலில் அறிவிப்பதற்கு அதுதான் பேர். ஓலை வாசிக்கிற அன்று அந்தக் குடும்பம்தான் காணிக்கைத் தட்டைத் தூக்கிக்கொண்டு பீடத்துக்குப் போகும். புதிதாக வந்திருக்கிற சின்ன வயசுச் சாமியார் இன்று பிரசங்கத்தில் இயேசு சொன்ன ஒன்றைப் பேசினார். காணிக்கையோடு வந்த இடத்தில், சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், அதை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு சமாதானமாகு, அப்புறம் வந்து கொடு என்பது.

“எத்தன தடவ கேட்டுருப்பேன்டா இத. எனக்கு எவன்மேலயாச்சும் கோவம் இருந்தா மன்னிச்சிரணும்னுதான் இம்புட்டு நாளும் நெனச்சுக்கிட்டு இருந்தேன். இயேசு அப்படிச் சொல்லவே இல்ல. ஒனக்கு என்மேல இருந்தா நான் வரணும்னு சொல்லிருக்காரு. தலகீழாக் கேட்டுட்டேன்” என்றார் இன்னாசி.

தட்டோடு நடந்து பீடத்தின் படி வரைக்கும் போய்விட்டாராம். அதற்கு மேல் கால் எழும்பவில்லை. வாழைப்பழச் சீப்பும் திராட்சையும் மெழுகுதிரியும் வைத்த தட்டைப் படியிலேயே இறக்கிவிட்டு, தம்பியைப் பார்க்கப் போகிறேன் சாமி என்று சொல்லிவிட்டு, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெளியே வந்துவிட்டார். செருப்பு ஞாபகமே வரவில்லை. சாமியார் என்ன சொன்னார் என்று ஜெயக்கொடி கேட்டாள். போயிட்டு வாங்க, நாங்க காத்திருக்கோம் என்றாராம்.

சவரி சிரித்துவிட்டான். நல்ல கதை. ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறுகிற நேரம், வீட்டில் கறி வேக வேண்டும், ஒருத்தன் தம்பியைத் தேடிப் போனதற்காக ஊர் முழுக்க உட்கார்ந்திருக்குமாக்கும். அவன் சிரிப்பு முடிகிறவரை இன்னாசி பொறுத்திருந்தார். பிறகு சொன்னார்.

“பிரஸ்காரன் பேர விட்டுட்டான்னு எல்லார்ட்டயும் சொன்னேன்ல, அது பொய். எழுதிக் குடுத்ததுல ஒன் பேரு இருந்துச்சு. நாந்தான் பேனாவ வாங்கி அடிச்சேன்.”

இந்த வார்த்தைக்காகத்தான் சவரி ஆறு வருஷமாகக் காத்திருந்தான். அவர் வாயால் வரட்டும், அப்போது பேசிக்கொள்கிறேன் என்று எத்தனையோ பதில்களை வளர்த்து வைத்திருந்தான். இப்போது அம்மா முகத்துக்குக் கீழே என் பெயர் இல்லை, அதை இனிமேல் யார் கொண்டுவந்து போடுவது என்று மட்டும் கேட்டான். முடியாதுதான் என்றார் இன்னாசி. கண்ணிலிருந்து தண்ணீர் அது பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது, அவர் துடைக்கவில்லை. நீ மன்னிக்கவேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை, வரவேண்டியது என் பாடு, வந்தேன், அங்கே உட்கார்ந்திருப்பார்கள், போகிறேன் என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

உட்கார்ந்திருப்பார்கள் என்ற அந்த ஒரு சொல்தான் சவரியைக் கிளப்பியது. மறுபடியும் பொய். இந்த மனுஷன் போடுகிற நாடகத்தை அந்த இடத்திலேயே உடைத்துக் காட்டிவிட்டு வருகிறேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டான். ஜெயக்கொடி அடுப்பை அணைத்தாள்.

ரிங் ரோட்டில் அண்ணன் வண்டி முன்னால், தம்பி வண்டி பின்னால். லாரிக்காரர்கள் அனலைக் கிளப்பிவிட்டுப் போனார்கள். கோயில் பூட்டிக் கிடக்கும்போது என்ன சொல்ல வேண்டும் என்று சவரி வழியெல்லாம் சொல் அடுக்கிக்கொண்டே வந்தான். விரகனூர் தாண்டும்போது அது நன்றாகவே அமைந்துவிட்டது.

கோயில் பூட்டிக் கிடக்கவில்லை. ஆனால் உள்ளே ஆளும் இல்லை. முன்வரிசையில் இன்னாசியின் மனைவியும் கல்யாணப் பெண்ணும், முடியாத கிழவர்கள் நாலைந்து பேர், கைக்குழந்தைக்காரிகள், தூங்கிப்போன பிள்ளைகள். பாய்களெல்லாம் விரித்தபடி வெறுமனே கிடந்தன. சாமியார் நாற்காலிகூடக் காலி. சவரிக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. எங்கே காத்திருக்கிற கூட்டம் என்று அண்ணனிடம் சத்தமாகவே கேட்டான். இன்னாசிக்கே முகம் செத்துவிட்டது.

கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை அருளப்பன் ஓடிவந்து சவரியின் கையைப் பிடித்தார். யாரும் வீட்டுக்குப் போகவில்லை என்றார் மெதுவாக. இன்னாசி கிளம்பிய பிறகு எல்லாரும் சும்மாதான் உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பாட்டுக்குழுவில் ஒரு பெண் எழுந்தாள். கையில் இருந்த பாட்டுப் புத்தகத்தைப் படியில் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போனாள். அப்புறம் ஒரு ஆள். அப்புறம் இரண்டு பேர். காணிக்கை கொண்டுவராதவர்கள் கையில் இருந்ததை வைத்தார்கள்.

சவரி அப்போதுதான் படியைப் பார்த்தான். இன்னாசியின் தட்டைச் சுற்றிப் பாட்டுப் புத்தகங்கள், ஹெல்மெட், ஹேண்ட்பேக், செபமாலை, குடை, ஒரு பிள்ளையின் தண்ணீர் பாட்டில், மல்லிகைப்பூச் சரம், மடித்த துண்டு, நாலைந்து செல்போன், ஒரு கைக்கடிகாரம். படி நிறைந்து தரையிலும் வழிந்திருந்தது.

“அந்தக் கடிகாரம் சாமியோடது. அவரும் போயிருக்காரு” என்றார் அருளப்பன்.

சவரிக்கு மயிர்க்கூச்செறிந்தது. சும்மா சொல்லக் கூடாது, அவனும் சின்ன வயசிலிருந்து கோயிலில் வளர்ந்தவன்தான். கிறிஸ்துமஸ் நடுராத்திரியில் நிற்க இடமில்லாமல் நிறைந்து வழிகிற கோயிலைப் பார்த்திருக்கிறான், தேர் பார்த்திருக்கிறான், பேண்டு வாத்தியம் பார்த்திருக்கிறான். அதெல்லாம் சந்தோஷம். இது பயமாக இருந்தது. இயேசு சொன்னதை நிஜமாகவே செய்ய ஆரம்பித்தால் கோயிலே காலியாகிவிடும் போலிருக்கிறதே என்று நினைத்தான். இத்தனை காலமும் கேட்ட வார்த்தைதான். அதற்கு இவ்வளவு பலம் இருக்கும் என்று யாருக்குத் தெரியும். ரிங் ரோட்டில் அடுக்கிக்கொண்டு வந்த சொல்லெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. பாயின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான்.

பிறகு ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். மாமியாரும் மருமகளும் அழுது சிவந்த கண்ணோடு ஒரே ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். தண்ணீர்க் குழாயடிச் சண்டையில் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை அற்றுப்போன பக்கத்து வீட்டுச் சமீனாவை ஒருத்தி கையோடு கூட்டி வந்தாள். நான் இங்கெல்லாம் வரலாமா என்று சமீனா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலிலேயே தயங்க, கிழவி ஒருத்தி நகர்ந்து பாயில் இடம் கொடுத்தாள். சுவர்த் தகராறில் கோர்ட்டு வரைக்கும் போன நல்லகாமன், நெற்றி நிறையத் திருநீறோடு எதிராளியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எப்போது எழுந்திருக்க வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று அவரிடம் ரகசியமாகக் கேட்டுக்கொண்டார். சிலர் தனியாகவே திரும்பினார்கள். அவர்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கடைசியாகச் சாமியார் வந்தார். அவரும் தனியாகத்தான் வந்தார். பூசை உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் பேண்ட் சட்டையில் போயிருந்தவர், பீடத்தில் ஏறாமல் படிக்குக் கீழேயே நின்றார். உடுப்பை எடுத்து நீட்டிய அருளப்பனிடம் வேண்டாம் என்று கையைக் காட்டினார். அப்புறம் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். பேச்சிமுத்து என்பவர் தன் அப்பாவை அடக்கம் செய்த அன்று குடித்திருந்ததற்காக, கல்லறையில் வைத்து எல்லார் முன்னாலும் அவரைத் தான் ஏசிவிட்டதாகவும், இப்போது போய்க் கதவைத் தட்டியதாகவும், ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு அவர் ஜன்னலையும் சாத்திவிட்டதாகவும் சொன்னார்.

“அவரு தெறக்கணும்னு இல்ல. அப்பாவப் பறிகொடுத்து நின்ன மனுஷன வார்த்தையால அடிச்சவன் நான். ஆனா இந்தக் கையோட எப்படிப் பூசை அப்பத்தத் தொடுறதுன்னுதான் தெரியல” என்றார். முகம் சின்னப்பிள்ளை போலச் சிறுத்துவிட்டது.

சவரி சாமியாரைப் பார்த்தான். பிறகு தூணோரம் வெறுங்காலோடு நின்ற இன்னாசியைப் பார்த்தான். இந்த மனுஷனுக்கும் இன்று காலையில் கதவு திறக்கவில்லை. நாற்காலி போட்டது ஜெயக்கொடி, தான் இல்லை. கூடவே வந்ததுகூட அவரை அவமானப்படுத்தத்தான். இதெல்லாம் தெரிந்தும் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லாமல் அங்கே நிற்கிறார் என்பது இப்போதுதான் உறைத்தது. சவரிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுந்து நின்றான்.

“சாமி, அந்தப் பேச்சிமுத்து வீடு எங்கருக்கு?”

பக்கத்துத் தெருதான் என்றார் சாமியார், இவன் யாரென்று தெரியாமலே.

“வாங்க, நானும் வாரேன். சாத்துன கதவுக்குள்ள நிக்கிறவன் என்ன நெனப்பான்னு ஒங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தட்டுறவன் போயிரக் கூடாதுன்னுதான் நிப்பான்.”

சொல்லிவிட்டு இன்னாசியிடம் போனான். என்ன செய்வதென்று தெரியாமல் அவர் கையைப் பிடித்தான். வண்டி ஓட்டி வந்த கை இன்னும் சூடாக இருந்தது.

“நீங்க உக்காருங்கண்ணே. நான் வார வரைக்கும் தட்ட எடுத்துராதீக, சேந்து தூக்குவோம்.”

இன்னாசி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கல்யாணப் பெண் ஓடிவந்து அவரைப் பிடித்து, படியோரத்தில் தட்டுக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்தாள்.

சவரியும் சாமியாரும் வாசலைத் தாண்டி வெயிலில் இறங்கிப் போனார்கள். மணி பன்னிரண்டை நெருங்கிவிட்டது. நல்லகாமன் எழுந்திருக்கப் போனவர், மற்றவர்கள் யாரும் அசையாததைப் பார்த்துவிட்டு மறுபடியும் சம்மணம் போட்டுக்கொண்டார். வீட்டுக்குப் போக ஒருவரும் எழவில்லை.