ஆற்றங்கரை வீட்டில் நீர்மாலை

வாய் அடங்காதவ இந்த உலகம்மைன்னு ஆரியசாலையில எல்லாருக்கும் தெரியும். அன்னைக்கு மட்டும் எனக்கு வாயே எழும்பல, பாத்துக்கோங்க.

என் வீட்டுக்காரர் குற்றாலலிங்கத்துக்கு மல்லி, வத்தல் மொத்த வியாபாரம். ஆரியசாலையில கடைக்கு மேலதான் அப்ப குடியிருப்பு. கரமனையாத்தங்கரையில ஒரு பழைய பெயிண்ட் கம்பெனியை இடிச்சு, மரம் நட்டு, வண்டியே வராத நடைபாதை போட்டு ஃப்ளாட் கட்டினாவ. அதுல ஒண்ணை வாங்கியே தீரணும்னு இவிய ஒத்தக்கால்ல நின்னு வாங்கினாவ.

“எங்கப்பாக்கு நீர்மாலை குழாயடியில எடுத்தோம். எனக்கு ஆறே வாசல்ல இருக்கு, பாத்தியா?”

செத்தவங்களைக் குளிப்பாட்ட மகனும் சொந்தபந்தமும் குடத்தோட போயி தண்ணி கொண்டு வருவாவள்லா, அந்த நீர்மாலையைத்தான் சொன்னாவ. “பால் காய்ச்சுற அன்னைக்குப் பேசுற பேச்சா இது?”ன்னு ஏசினேன். சிரிச்சாவ.

ரெண்டு வருஷம் காலையும் மாலையும் கரையோரக் கம்பிவேலியைப் பிடிச்சுக்கிட்டு ஆத்தைப் பாத்தாவ. பெறவு கிட்னி கெட்டுப்போச்சு. போன மாசம் ஆஸ்பத்திரியில போயிட்டாவ. ஆம்புலன்ஸை உள்ளே விடல. கேட்டுலேருந்து தூக்கிக்கிட்டுத்தான் வந்தோம். அதைக்கூடப் பொறுத்துக்கிட்டேன்.

மகன் சுஜித் ஈர வேட்டியோட குடத்தைத் தூக்கிக்கிட்டு ஆத்துக்குப் போனான். போன வேகத்துல வெறுங்குடத்தோட திரும்பி வந்தான்.

“அம்மா, கம்பிவேலிக் கதவு பூட்டியிருக்கு. திறக்க மாட்டேங்கான்.”

வந்துச்சே எனக்கு! தலையைக்கூட முடியாம இறங்கிப் போனேன். பூட்டுப் பக்கத்துல வாட்ச்மேன் ஷிபுவும் அசோசியேஷன் செக்ரட்டரி வினீத்தும் நின்னாவ.

“ஆத்தைக் காட்டித்தானே வித்தீங்க? செத்த மனுஷனுக்கு ஒரு குடம் தண்ணி கிடையாதா?”

“ஆண்ட்டி, ஆ வெள்ளம் தொடான் பாடில்லா,” அந்தத் தண்ணியைத் தொடவே கூடாதுன்னு மலையாளத்துல சொன்னான் வினீத். “பழைய கம்பெனிக் கழிவு மண்ணுக்குள்ள கிடக்கு. மழைக்கு ஆத்துல கசியுது. வீட்டுல பைப் உண்டல்லோ, அதுல பிடிங்க.”

“பைப்புத் தண்ணி எங்கேருந்து வருது?”

ஷிபுதான் தலையைக் குனிஞ்சுக்கிட்டுச் சொன்னான்: “இந்தக் கரையில போட்ட போர்வெல்தான் சேச்சி.”

“ஃபில்டர் உண்டு ஆண்ட்டி,”ன்னான் வினீத் அவசரமா.

அவன் வீட்டு வாசல்ல தினமும் இறங்குற நீலத் தண்ணி கேன் என் கண்ணு முன்னால வந்துச்சு. பவுசுக்கு வாங்குதான்னு நினைச்சு எத்தனை நாள் கேலி பேசியிருக்கேன்! படுபாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அப்பதான் என் வாய் அடைச்சுப்போச்சு.

திரும்பி வந்து அவிய தலைமாட்டுல உக்காந்தேன். இந்தத் தண்ணியிலதானே உங்களுக்குச் சோறு பொங்கினேன். நீங்க கேக்கக் கேக்க சுக்குத்தண்ணி போட்டுத் தந்தேனே.

சுஜித்தைக் கூப்பிட்டேன். “மக்ளே, ஆரியசாலைக்குப் போ. நம்ம பழைய வீட்டுக் குழாய்ல பிடிச்சுட்டு வா.”

ஆட்டோவுல ரெண்டு குடம் வந்துச்சு. கேட்டுலேருந்து தலைச்சுமையா கொண்டு வந்தாவ. ஒரு குடத்துல குளிப்பாட்டினோம். எந்தக் குழாயை அவிய விட்டு வந்தாவளோ, கடைசியில அதே குழாய்த் தண்ணி.

அந்நேரம் பேத்தி ஸ்ரீப்ரியா, நாலு வயசு, அடுக்களைக் குழாயைத் திறந்து டம்ளரை நீட்டிக்கிட்டு நின்னா. ஓடிப்போய்த் தட்டி விட்டேன். டம்ளர் உருண்டு போச்சு. பிள்ளை அலறினா.

“அச்சம்மே, தாகிக்குந்து!”

சாவு வீடு மொத்தமும் எங்களையே பாத்துச்சு. அடுப்புல ஒரு பானை தண்ணி கொதிச்சுக்கிட்டிருந்துச்சு, அதுவும் அந்தக் குழாய்லேருந்து பிடிச்சதுதான். வீட்டுல வேற தண்ணி இல்ல.

நீர்மாலைத் தண்ணியை எங்க சாதியில யாரும் வாயில வைக்க மாட்டாவ. இன்னொரு குடத்துலேருந்து ஒரு டம்ளர் மொண்டு பிள்ளைக்குக் கொடுத்தேன்.